வரிசையை மாற்றிய மூன்று பரிசோதனைகள்

1990களின் நடுவில் அமெரிக்காவில் கல்லீரலுக்காகக் காத்திருந்த ஒருவருக்கு வரிசையில் எந்த இடம் என்பதை, அவர் எங்கே படுத்திருக்கிறார் என்பதே பெரும்பாலும் முடிவு செய்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் முன்னால். சாதாரண வார்டில் இருந்தால் அதற்கடுத்து. வீட்டில் இருந்தால் கடைசியில். ஒரே நிலையில் பலர் இருந்தால் யார் பெயர் முதலில் பதிவானதோ அவருக்கு முன்னுரிமை. ரேஷன் கடை வாசலில் பையை வைத்து இடம் பிடிப்பது போல, உடம்பு மோசமாவதற்கு முன்பே பெயரைப் பதிந்து வைத்தவர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். முந்தாநாள்தான் நோய் முற்றி வந்தவர், வருடக்கணக்கில் காத்திருக்கும் ஓரளவு தெம்பான ஆளுக்குப் பின்னால் நிற்க வேண்டியிருந்தது.

2002 பிப்ரவரி 27 அன்று இந்த முறை போனது. கட்டில் எங்கே இருக்கிறது, எத்தனை மாதமாகக் காத்திருக்கிறார் என்று பார்ப்பதை விட்டுவிட்டு மூன்று ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். பிலிரூபின், கிரியாட்டினின், ரத்தம் உறையும் நேரத்திலிருந்து கணக்கிடும் ஐ.என்.ஆர். மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் 6 முதல் 40 வரை ஓர் எண் வரும். அடுத்த மூன்று மாதத்துக்குள் இவர் இறந்துபோக எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அதற்குப் பெயர் மெல்ட் ஸ்கோர். இன்று சென்னையிலும் மதுரையிலும் கல்லீரல் பிரிவு வாசலில் நிற்கும் குடும்பங்கள்கூட, “அப்பாவுக்கு மெல்ட் இருபத்தி ரெண்டாம்” என்று சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள்.

தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் லேப் டெக்னீசியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த மூன்று பரிசோதனைகளையும் கையால் செய்த தலைமுறை எங்களுடையது. டாக்டர்கள் எழுதும் வரலாற்றில் அறுவை அரங்கமும் புள்ளியியலும் வரும். ரத்தக் குழாயைக் கையில் பிடித்தவர்களின் மேசை வராது. அந்த மேசைப் பக்கமிருந்து இதைச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வரிசை என்ற ஒன்று உருவாகவே இருபது ஆண்டுகள் ஆயின. 1963 மார்ச் 1 அன்று டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்குக் கல்லீரலை மாற்ற முயன்றார். மனிதருக்கு நடந்த முதல் முயற்சி அது. ரத்தப்போக்கு நிற்காமல் குழந்தை மேசையிலேயே இறந்தது. தொடர்ந்து செய்தவையும் தோற்றன. 1967 ஜூலையில் ஒரு சின்னப் பெண் குழந்தைக்குச் செய்ததுதான் முதன்முதலில் ஓராண்டுக்கு மேல் உயிரோடு வைத்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராய் கான் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஒரு வருடம் தாண்டியவர்கள் சொற்பம். சைக்ளோஸ்போரின் மருந்து வந்த பிறகுதான் உடல் புதிய ஈரலை உதறித் தள்ளுவது கட்டுக்குள் வந்தது. 1983 ஜூனில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடு, இது இனி சோதனை முயற்சி அல்ல, பரவலாகச் செய்யத் தகுந்த சிகிச்சை என்ற கருத்துக்கு வந்தது. 1984இல் உறுப்பு மாற்றுச் சட்டம். 1986இல் யூனாஸ் என்ற அமைப்பிடம் நாடு தழுவிய பட்டியல் ஒப்படைக்கப்பட்டது. பிழைக்க வழி இருக்கிறது என்று தெரிந்ததும் ஆட்கள் வந்தார்கள். ஈரல்கள் அந்த வேகத்தில் வரவில்லை.

கட்டிலை வைத்து வரிசை போட்டதில் ஒரு நியாயம் இருந்தது. மோசமாக இருப்பவர்தானே தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பார்? ஆனால் யாரை அங்கே படுக்க வைப்பது என்று முடிவெடுப்பது அவரவர் மருத்துவமனை. சிகாகோவில் மூன்று மருத்துவமனைகள், தேவைப்படாத நோயாளிகளையும் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, நோயை மிகைப்படுத்தி எழுதி, பட்டியலில் முன்னால் கொண்டுவந்ததாக அரசு வழக்குத் தொடர்ந்தது. 2003இல் அவை பணம் கட்டிச் சமரசம் செய்துகொண்டன. நான் அதைப் படித்தபோது கோபத்தைவிட வருத்தமே வந்தது. தன் நோயாளியைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கும் டாக்டருக்கு, பொய் எழுதுவதே கருணையாகத் தோன்றும்படி ஒரு விதியை வகுத்து வைத்திருக்கிறார்களே என்ற வருத்தம். அவர் முன்னால் தள்ளிய ஒவ்வொருவருக்கும் பின்னால், முகம் தெரியாத இன்னொருவர் ஒரு படி கீழே இறங்கினார்.

1995 ஜூனில் பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலுக்கு டல்லாஸில், பட்டியலில் பெயர் ஏறிய இரண்டே நாளில் ஈரல் கிடைத்தது. நாடே கொதித்தது. விதிப்படிதான் நடந்தது, அப்போது அந்த வட்டாரத்தில் அவர்தான் மிக மோசமான நிலையில் இருந்தார் என்று அதிகாரிகள் விளக்கினார்கள், மக்கள் நம்பவில்லை. ஆகஸ்டில் அவர் புற்றுநோயால் இறந்தார். யார் எவ்வளவு மோசமாக இருக்கிறார் என்பதை வெளியாள் ஒருவர் சரிபார்க்க வழியே இல்லாதபோது, உண்மையைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

கல்லீரல் நோயின் கடுமையை அளக்க அதற்கு முன்பே ஓர் அளவுகோல் இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்து அறுவை மருத்துவர்கள் சார்லஸ் சைல்டும் ஜெரமையா டர்காட்டும் 1964இல் எழுதியது. அவர்கள் மாற்று அறுவைக்காக அதை எழுதவில்லை. ஈரல் சுருங்கி, அதற்குள் போகும் பெரிய ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி, உணவுக்குழாயின் ரத்தக்குழாய்கள் வெடித்து ரத்தவாந்தி எடுக்கும் நோயாளிக்கு, ரத்தத்தை வேறு வழியில் திருப்பிவிடும் அறுவையைச் செய்யலாமா, செய்தால் தாங்குவாரா என்று பார்க்க எழுதியது. பிலிரூபின், அல்புமின், வயிற்றில் கோத்த நீர், மயக்கக் குழப்பம், உடம்பின் போஷாக்கு என்று ஐந்தைப் பார்த்து ஏ, பி, சி என்று பிரித்தார்கள். 1973இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையிலிருந்து பியூவும் சகாக்களும், வெறும் 38 நோயாளிகளின் அனுபவத்தை எழுதியபோது, போஷாக்கை எடுத்துவிட்டு ரத்தம் உறையும் நேரத்தைச் சேர்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 1, 2, 3 என்று புள்ளி. மொத்தம் 5 முதல் 15 வரை.

எங்கள் வார்டுகளில் இன்றும் “சைல்ட் சி” என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள். நோயாளியின் தலைமாட்டில் நின்று ஒரு நிமிடத்தில் போட்டுவிடலாம், நல்ல கருவிதான். ஆனால் வரிசை போட அது போதாது. பிலிரூபின் 3ஐத் தாண்டினால் 3 புள்ளி, 3.1 இருப்பவருக்கும் 30 இருப்பவருக்கும் ஒரே புள்ளி. வயிற்றில் நீர் ‘கொஞ்சம்’ என்பதும் ‘நிறைய’ என்பதும் தட்டிப் பார்ப்பவரின் கையைப் பொறுத்தது. குழப்பம் லேசானதா கடுமையானதா என்பது காலை ரவுண்ட்ஸில் பார்த்தாரா, இரவு டியூட்டியில் பார்த்தாரா என்பதைப் பொறுத்தது. 1990களின் கடைசியில் அமெரிக்கா இந்தப் புள்ளியையும் பட்டியலுக்குள் கொண்டுவந்தது; 7 இருந்தால்தான் பெயர் ஏறும் என்றார்கள். அப்படியும் பல ஆயிரம் பேர் இரண்டு மூன்று படிகளுக்குள் அடைந்து கிடந்தார்கள். ஒரே படியில் இருப்பவர்களைப் பிரிக்க, மறுபடியும் காத்திருந்த நாட்களே கை கொடுத்தன.

1998இல் அமெரிக்க மத்திய சுகாதாரத் துறை, மருத்துவ அவசரத்தின்படிதான் உறுப்பு போக வேண்டும் என்று விதி எழுதியது. சில மாநிலங்கள் எங்கள் ஊரில் கிடைத்த உறுப்பு எங்கள் எல்லையைத் தாண்டாது என்று எதிர்ச் சட்டம் போட்டன. சண்டை முற்றி நாடாளுமன்றம், மருத்துவ ஆய்வுக் கழகத்திடம் விஷயத்தைக் கொடுத்தது. கழகம் ஏறத்தாழ 68,000 காத்திருப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்து 1999இல் அறிக்கை தந்தது. அவசரம் குறைந்த படிகளில் இருப்பவர்களுக்குள், காத்திருந்த காலத்தை வைத்து முன்பின் பார்ப்பதில் அர்த்தமே இல்லை என்றது. அடுத்த ஆண்டு ரிச்சர்ட் ஃப்ரீமனும் எரிக் எட்வர்ட்ஸும் அதையே தனியாகக் காட்டினார்கள்: நீண்டநாள் காத்திருப்பதற்கும் பட்டியலில் இருக்கும்போதே இறந்துபோவதற்கும் தொடர்பில்லை. பொறுமையாக நின்றவருக்கு முதலில் என்பது நம் எல்லோருக்கும் ஊறிய நியாயம். ஈரல் அந்த நியாயத்துக்குள் வரவில்லை.

பழையது ஆகாது என்று தெரிந்துவிட்டது. புதியது எங்கிருந்து வரும்? மினசோட்டா மாநிலம் ராச்செஸ்டரில் உள்ள மேயோ கிளினிக்கின் பதிவேடுகளிலிருந்து வந்தது. அங்கே பித்தநாளங்கள் மெல்ல அழியும் ஒரு ஈரல் நோய்க்கு, பெனிசிலமின் என்ற மருந்து உதவுமா என்று 1974 முதல் 1984 வரை 312 பேரிடம் சோதித்தார்கள். சோதனையில் சேராத 106 பேரையும் கூடவே கவனித்தார்கள். மருந்து பலன் தரவில்லை. ஆனால் யார் எப்போது, எந்த அளவுகளோடு இறந்தார் என்ற சுத்தமான கணக்கு மிஞ்சியது. டிக்சனும் சகாக்களும் அதை டேவிட் காக்ஸ் 1972இல் வகுத்த புள்ளியியல் முறையில் போட்டு, 1989இல் வயது, பிலிரூபின், அல்புமின், உறைநேரம், உடல் வீக்கம் என்று ஐந்தை வைத்து ஆயுளைக் கணிக்கலாம் என்றார்கள். இன்று உலகம் முழுக்கப் பல புள்ளியியல் மாணவர்கள் ஆயுள் கணக்குப் பழகுவது அந்த நோயாளிகளின் விவரங்களை வைத்துத்தான். தெர்னோ என்ற மேயோ புள்ளியியலாளர் அதை மென்பொருளோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். தோற்றுப்போன ஒரு மருந்துக்காக ரத்தம் கொடுத்தவர்கள் இப்படி ஒரு வேலையைச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மனம் நெகிழும்.

பிறகு டிப்ஸ் வந்தது. கழுத்து ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு ஈரலுக்குள்ளேயே ஒரு மாற்றுப் பாதை போடும் சிகிச்சை. சிலருக்கு ரத்தவாந்தி நிற்கும். சிலர் மூன்று மாதத்தில் போய்விடுவார்கள். யார் போய்விடுவார் என்று முன்கூட்டியே சொல்ல, மேயோவின் மாலின்சாக், காமத் முதலானோர் நான்கு மருத்துவமனைகளின் 231 நோயாளிகளை எடுத்தார்கள். 2000இல் வந்த அந்தக் கட்டுரையில் நான்கு விஷயங்கள் எஞ்சின: பிலிரூபின், கிரியாட்டினின், ஐ.என்.ஆர்., நோயின் காரணம். வயிற்று நீரும் மயக்கக் குழப்பமும் இதில் இல்லை. ஆக, சைல்டின் பட்டியலில் கண்ணும் கையும் தீர்மானித்தவை எல்லாம் போய், நோயின் காரணத்தைத் தவிர லேபிலிருந்து வருபவை மட்டும் நின்றன. 2001இல் காமத்தும் சகாக்களும், டிப்ஸ் செய்யாதவர்களுக்கும் இது பொருந்துமா என்று மேயோவில் சேர்க்கப்பட்டவர்கள், இத்தாலியின் பலெர்மோவில் வெளிநோயாளிகளாக வந்தவர்கள், பித்தநாள நோயாளிகள், 1980களின் பழைய நோயாளிகள் என நான்கு கூட்டங்களில் வைத்துப் பார்த்தார்கள். நான்கிலும் பொருந்தியது.

சூத்திரம் இது. கிரியாட்டினினின் இயல் மடக்கையை 9.57ஆல் பெருக்கு. பிலிரூபினின் மடக்கையை 3.78ஆல், ஐ.என்.ஆரின் மடக்கையை 11.2ஆல். மூன்றையும் கூட்டி 6.43ஐச் சேர். அந்த 6.43 எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதில்லை. முதல் கட்டுரையில் நோயின் காரணத்துக்கென்று இருந்த இடம் அது: குடியாலோ பித்தநாள அடைப்பாலோ வந்திருந்தால் பூஜ்யம், மற்றவர்களுக்கு 6.43. காரணத்தை எடுத்தாலும் கணிப்பு பெரிதாகக் கெடவில்லை என்று பார்த்ததும், எல்லோருக்கும் ஒரே மாதிரி 6.43 என்று வைத்துவிட்டார்கள். குடித்துக் கெட்டவனா, பாவப்பட்டவனா என்ற கேள்வி அப்படியே கணக்கை விட்டு வெளியேறியது. குடித்த கணவனைப் பற்றி ஊரார் பேசும் பேச்சை வாங்கிக்கொண்டு லேப் ஜன்னலில் நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த எண் அவர்களிடம் எதையும் கேட்காது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

இனி என் மேசைக்கு வருகிறேன். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் உறைநேரத்தைக் கருவி பார்க்காது, நாங்கள்தான் பார்ப்போம். சிட்ரேட் போட்ட குழாயில், ஒன்பது பங்கு ரத்தம் ஒரு பங்கு சிட்ரேட் என்று குறி வரை சரியாக எடுத்திருக்க வேண்டும்; ரத்தம் குறைந்தால் நேரம் பொய்யாக நீளும். சுழற்றி, மேலே தெளியும் பிளாஸ்மாவில் 0.1 மில்லி எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைப்போம். முயல் மூளையிலிருந்து தயாரித்த த்ராம்போபிளாஸ்டினைக் கால்சியத்தோடு சேர்த்துத் தனியாகச் சூடேற்றி, 0.2 மில்லியை உள்ளே பாய்ச்சும் அதே நொடியில் ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும். பிறகு விளக்குக்கு நேரே பிடித்துக் குழாயை மெல்லச் சாய்ப்பதும் நிமிர்த்துவதும். தண்ணீராக ஓடும், ஓடும், ஒரு கணத்தில் சாய்த்தாலும் நகராமல் நின்றுவிடும். அந்தக் கணத்தில் வாட்சை நிறுத்த வேண்டும். நல்ல உடம்புக்கு 11 முதல் 14 நொடி. ஈரல் போனவர்களுடையது 25 தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கும். பிளாஸ்மாவே அடர்மஞ்சளாக இருப்பதால் முதல் நூலிழை எப்போது விழுந்தது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

எனக்குப் பழக்கிக் கொடுத்த அண்ணாச்சி ஒருவர் பக்கத்தில் நின்று சொல்வார்: “ரெண்டு குழாய்ல போடும்மா. ரெண்டும் ஒத்து வரலைன்னா மூணாவதும் போடு. அவசரம்னு வார்டுல கத்துவாவ, கத்தட்டும்.” வெளியே ஜன்னலில் ஓர் அம்மா, “எம்மா, ரத்தம் உறையுற டெஸ்ட்டு வந்துட்டா?” என்று கேட்டுக்கொண்டே நிற்பார். அந்த ஒரு நொடி, அரை நொடி ஒருநாள் எங்கேயோ ஒரு நாட்டில் ஒருவரின் இடத்தைத் தீர்மானிக்கப்போகிறது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அண்ணாச்சியின் கண்டிப்பு மட்டும் அது தெரிந்தது போலவே இருந்தது.

மூன்று பரிசோதனைகளும் ஏன் தேறின என்பது உடம்பைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை ஈரல்தான் செய்கிறது. அவற்றில் ஒன்று சில மணி நேரமே தங்கும். அதனால் ஈரல் வேலையை நிறுத்தினால் உறைநேரம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அல்புமினுக்கு ஏறத்தாழ மூன்று வாரம் தாங்கும் சக்தி உண்டு, போதாததற்குப் பாட்டிலில் ஏற்றிவிடவும் முடியும். பிலிரூபின் கழிவு வெளியேறாததைச் சொல்கிறது. கிரியாட்டினின் ஈரலையே அளப்பதில்லை, சிறுநீரகத்தை அளக்கிறது. ஈரல் விழும்போது கடைசியில் சிறுநீரகத்தையும் இழுத்துக்கொண்டு விழுகிறது. அது தொடங்கிவிட்டால் நாட்கள் குறைவு. வாரத்துக்கு இருமுறை டயாலிசிஸ் செய்தவருக்குக் கிரியாட்டினின் 4 என்றே வைத்துக் கணக்கிட்டார்கள்.

2003இல் ரஸல் வீஸ்னர் முதலானோர், பட்டியலில் சேர்ந்த 3,437 பேரின் கதியை வெளியிட்டார்கள். ஸ்கோர் 9க்குள் இருந்தவர்களில் மூன்று மாதத்தில் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. 20களில் இருந்தவர்களில் ஏறத்தாழ 20 பேர். 30களில் பாதிக்கு மேல். 40இல் 71 பேர். இறந்த ஒருவரையும் பிழைத்த ஒருவரையும் ஜோடியாக எடுத்து எந்த ஸ்கோர் கூடுதல் என்று பார்த்தால், மெல்ட் 100க்கு 83 முறை சரியாகச் சொன்னது. சைல்ட் புள்ளி 76 முறை. 2002இல் முறை மாறிய பிறகு, சும்மா இடம்பிடிக்கப் பெயர் பதிவது குறைந்தது, பட்டியலில் இறப்பும் கொஞ்சம் இறங்கியது. 2005இல் இன்னொரு உண்மையும் தெரிந்தது: ஸ்கோர் 15க்குக் கீழ் இருப்பவர்களுக்கு, முதல் ஓராண்டுக் கணக்கில் அறுவை செய்துகொள்வதைவிடக் காத்திருப்பதே ஆபத்து குறைவு. ஐரோப்பாவின் யூரோட்ரான்ஸ்பிளான்ட் அமைப்பும் 2006 டிசம்பரில் மெல்டுக்கு வந்தது.

கறுப்பின மக்கள் பட்டியலில் இருந்தபடியே அதிகமாக இறந்துகொண்டிருந்தது மெல்ட் வந்ததும் மறைந்துவிட்டது என்று 2008இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. எண் நிறம் பார்க்கவில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: பெண்களின் நிலை மெல்டுக்குப் பிறகு மோசமாகிவிட்டது.

இதற்குக் காரணம் கிரியாட்டினின். அது தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்த உடம்பில் சிறுநீரகம் பாதி கெட்டிருந்தாலும் கிரியாட்டினின் பார்வைக்கு நல்லபடியாகவே இருக்கும். ஒல்லியான பெண், அதிலும் நோயில் வற்றிப்போன பெண், ஆணுக்குச் சமமாக மோசமாக இருந்தும் இரண்டு மூன்று புள்ளி பின்னால் நின்றார். உயரம் குறைந்த உடம்புக்குள் பெரிய ஈரலை வைக்க முடியாது என்ற கஷ்டமும் சேர்ந்துகொண்டது. இது தெரிந்தும் சரிசெய்ய மிக நீண்ட காலம் எடுத்தார்கள் என்பதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. 2008இல் வெளியானது, விதி மாறியது 2023 ஜூலையில். ரே கிம் தலைமையில் உருவான மெல்ட் 3.0, பெண்களுக்கு 1.33 புள்ளி கூட்டியது. கிரியாட்டினினின் உச்சவரம்பை 4இலிருந்து 3ஆகக் குறைத்தது. வெளியே போன அல்புமினை மறுபடி உள்ளே அழைத்தது. ஒரு பதினைந்து ஆண்டு அதற்குள் ஓடிவிட்டது.

சோடியம் அதைவிடச் சீக்கிரம் வந்தது. வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையும். அது குறையக் குறைய ஆபத்து ஏறும். 2008இல் கிம்மும் சகாக்களும், சோடியத்தையும் சேர்த்திருந்தால் பட்டியலில் நேர்ந்த இறப்புகளில் நூற்றுக்கு ஏழைத் தவிர்த்திருக்கலாம் என்று கணித்தார்கள். 2016 ஜனவரியில் அது சூத்திரத்தில் ஏறியது. ஈரல் புற்றுநோய்க்காரர்கள் வேறு பிரச்சினை: அவர்கள் ரத்தம் நன்றாக இருக்கும், கட்டி வளரும். அதனால் அவர்களுக்குத் தனிப் புள்ளி கொடுத்தார்கள்; 2002இல் கொடுத்தது அளவுக்கு மிஞ்சிப்போய் அவர்கள் எல்லோரையும் தாண்டி முன்னால் போகவே, அடுத்த ஆண்டே குறைத்தார்கள்.

ஊர் எது என்ற பிரச்சினை நெடுநாள் தீரவில்லை. 2009இல் கலிபோர்னியாவில் வாழ்ந்த ஸ்டீவ் ஜாப்ஸுக்கு டென்னஸியின் மெம்ஃபிஸில் ஈரல் கிடைத்தது. அன்று அவர் ரத்த வகையில் அங்கே மிக உயர்ந்த ஸ்கோர் அவருடையதே என்று மருத்துவமனை சொன்னது, அது உண்மைதான். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பதிந்துகொள்ள விதியே அனுமதித்தது. அழைப்பு வந்த சில மணி நேரத்தில் பறந்துபோய் இறங்க வசதியுள்ளவருக்குத்தான் அந்த விதி பயன்பட்டது. 2020 பிப்ரவரியில் மாநில, வட்டார எல்லைகளை விட்டுவிட்டு, உறுப்பு கிடைத்த மருத்துவமனையைச் சுற்றி 150, 250, 500 கடல்மைல் வட்டம் போட்டுக் கொடுக்கும் முறைக்கு மாறினார்கள்.

நம் நாட்டில் கதை வேறு. உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் வந்தது. 1998 நவம்பரில் டெல்லியில், காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு அப்பாவின் ஈரலில் ஒரு பகுதியை வைத்தார்கள். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் ஈரல் மாற்று அது. அந்தக் குழந்தை பின்னால் டாக்டராகிவிட்டார். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிரும் திட்டம் 2008இல் ஒழுங்குக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தபோது ஊரெங்கும் அதுவே பேச்சு. ஆனாலும் இந்தியாவில் பெரும்பாலான ஈரல் மாற்று, உயிரோடிருக்கும் சொந்தக்காரர் கொடுப்பதால்தான் நடக்கிறது. மனைவி கொடுப்பாள், மகன் கொடுப்பான். இங்கே ஸ்கோர், ‘யாருக்கு முதலில்’ என்பதைவிட ‘எப்போது’ என்ற கேள்விக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. இப்போதே மகனை மேசையில் படுக்கவைக்கலாமா, இன்னும் ஆறு மாதம் பார்க்கலாமா என்று தவிக்கும் குடும்பத்துக்கு அந்த எண் ஒரு பிடிமானம்.

அதனால்தான் அதன் துல்லியம் பற்றிக் கவலைப்படுகிறேன். ஐ.என்.ஆர். என்ற அளவை உலக சுகாதார நிறுவனம் 1983இல் ஏற்றது வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்காக. ஈரல் நோயாளிகளின் ரத்தத்தில் அது லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். ஒரே ரத்தத்தை வெவ்வேறு லேபுகளுக்கு அனுப்பி, ஸ்கோர் சில புள்ளிகள் தள்ளி வருவதை அமெரிக்காவிலேயே காட்டியிருக்கிறார்கள். அதைவிட எனக்கு நன்றாகத் தெரிந்தது கிரியாட்டினின். ஜெர்மானியரான மாக்ஸ் யாஃபே 1886இல் கண்டுபிடித்த பிக்ரிக் அமில வினையை வைத்துத்தான் நாங்கள் பல ஆண்டுகள் செய்தோம். மலிவு, எளிது. மஞ்சள் திரவம் காரத்தோடு சேர்ந்து ஆரஞ்சுச் சிவப்பாகும்; எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு கிரியாட்டினின். ஆனால் காமாலைக்காரரின் சீரத்தில் பிலிரூபின் ஏராளம். காரம் பட்டதும் அது நிறம் மாறித் தன் மஞ்சளை இழக்கும். அந்த இழப்பு, கருவி கணக்கிடும் நிற ஏற்றத்திலிருந்து கழிந்துபோகும். விளைவு, உள்ளதைவிடக் குறைந்த கிரியாட்டினின்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிலிரூபின் 6, ஐ.என்.ஆர். 2, உண்மையான கிரியாட்டினின் 1.5 உள்ள ஒருவருக்கு முதல் சூத்திரப்படி ஸ்கோர் 25. அதே ரத்தத்தில் கிரியாட்டினின் 1.1 என்று வந்துவிட்டால் 22. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கட்டிலை மாற்றவில்லை. மூன்று புள்ளி போய்விட்டது. காமாலை எவ்வளவு கூடுதலோ அவ்வளவு இழப்பு. மிக மோசமானவர்தான் மிக அதிகம் இழப்பார்.

நொதிகளைக் கொண்டு அளக்கும் என்சைமாட்டிக் முறையில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. ரீஏஜென்ட் விலை அதிகம் என்பதால் பல இடங்களில் இன்னும் யாஃபேயே ஓடுகிறது. பல லேப் ரிப்போர்ட்டுகளில் கிரியாட்டினினுக்குக் கீழே சின்ன எழுத்தில் எந்த முறை என்று அச்சிட்டிருப்பார்கள். வீட்டில் ஈரல் நோயாளி இருந்தால் அந்த வரியைப் பாருங்கள். காமாலை கூடுதலாக இருந்து, அங்கே யாஃபே என்று போட்டிருந்தால், என்சைமாட்டிக் முறையில் ஒருமுறை செய்து பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முறை எதுவென்று அச்சிடாவிட்டால் லேப் ஜன்னலுக்கே போய்க் கேட்கலாம்; உள்ளே இருப்பவருக்கு அது கட்டாயம் தெரியும். ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் கொடுங்கள், சிட்ரேட் குழாயில் குறி வரை ரத்தம் ஏறியதா என்று எடுப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரே ஃபைலில் கோத்து வையுங்கள்.